ஒரு கல், மூன்று அமைச்சர்கள்

கம்ப்ரஸரை ஓடவிட்டு, முகத்தில் துணியைக் கட்டிக்கொண்டு, மணல் குழாயைக் கையில் பிடித்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி அடித்தது. அதையும் எடுக்கவில்லை. கடைசியில் எதிர் டீக்கடைக்காரர் சாலையைத் தாண்டி ஓடிவந்து என் தோளைத் தட்டி, தன் போனை என் காதில் வைத்தார்.

பேசியது காண்ட்ராக்டர் முனிரத்தினம்.

“ணா, மெஷின நிறுத்து. மந்திரி மாறிட்டாரு.”

நிறுத்தினேன். கருப்பு கிரானைட் பலகை இரண்டு பழைய லாரி டயர்களின் மேல் படுத்திருந்தது. பலகை முழுக்க ரப்பர் ஸ்டிக்கர் ஒட்டி, எழுத்து வரும் இடத்தை மட்டும் உரித்துவிட்டு, அதன்மேல் மணலைப் பீய்ச்சினால் எழுத்து கல்லில் குழியும். அதுதான் இப்போதைய முறை. அன்றைக்கு அமைச்சர் பெயரில் பாதி கல்லுக்குள் இறங்கிவிட்டது. மீதி ஸ்டிக்கரில் நின்றது.

“பாதிப் பேர் அடிச்சாச்சுப்பா” என்றேன்.

மீதியை அடிக்காமல் அப்படியே வைக்கச் சொன்னான். ஏதோ மீதிப் பாதியில் வேறு ஆளை உட்கார வைக்கலாம் என்பதைப் போல. எனக்கு வந்த ஆத்திரத்தில் டீக்கடைக்காரரின் போனைத் தூக்கி எறியப் போனேன். அவர் போன் என்பதால் கொடுத்துவிட்டேன்.

டீக்கடை டிவியில் அதற்குள் செய்தி ஓட ஆரம்பித்திருந்தது. அமைச்சரவையில் மாற்றம். முதலமைச்சரின் பரிந்துரையை ஆளுநர் ஏற்றார். இரண்டு பேர் வெளியே, இரண்டு பேர் உள்ளே, நாலைந்து பேருக்கு இலாகா மாற்றம். டீ குடித்துக்கொண்டிருந்தவர்கள் யார் போனார், யார் வந்தார் என்று சுவாரசியமாகப் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் ஒருவன்தான் தலையில் கைவைத்து நின்றேன்.

கல்லறையில் ஆள் மாறுவதில்லை

கும்மிடிப்பூண்டி பஜாரில் நான் கல்வெட்டுக் கடை வைத்திருக்கும் கதை இந்தத் தொடரைப் படிப்பவர்களுக்குத் தெரியும். இன்றைக்குத்தான் இந்தப் பக்கத்தைப் பிரித்தவர்களுக்காகச் சொல்கிறேன். திறப்பு விழாவில் அமைச்சர் கயிற்றை இழுத்ததும் திரை விலகி ஒரு கருப்புக் கல் தெரியுமே, அந்தக் கல் என் பிழைப்பு. கல்லறைக் கல்லும் செய்வேன். இரண்டில் எது மேல் என்று கேட்டால் கல்லறைக் கல்தான் என்பேன். அதில் ஆள் மாறுவதில்லை.

அரசாங்கக் கல் அப்படியில்லை. என் கடை வாசல்படியாக ஒரு பழைய அமைச்சர் குப்புறப் படுத்திருக்கிறார். துணி துவைக்கும் கல்லாக இன்னொருவர். அதற்கும் முந்தைய ஆட்சியில் செல்வாக்காக இருந்த ஒருவரின் மேல்தான் இன்று கம்ப்ரஸர் நிற்கிறது. எந்த ஆட்சி, எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். எல்லா ஆட்சிக்கும் கல் அடித்திருக்கிறேன். எல்லா ஆட்சியிலும் பேஜாரு ஒன்றுதான்.

கிரானைட்டில் குழித்ததை ரப்பர் வைத்து அழிக்க முடியாது. அந்தப் பக்கம் முழுவதையும் தேய்த்து இறக்கிப் புதிதாகப் பாலிஷ் போட வேண்டும், இல்லையென்றால் கல்லைத் திருப்பிப் போட வேண்டும். திருப்பினால் ஒரே ஒரு தடவைதான் திருப்பலாம்.

ரேவதிக்கு ஓர் இடம்

ஆனால் அன்றைக்கு என் வயிறு எரிந்தது கல்லுக்காக இல்லை. அந்தக் கல் எந்தக் கட்டடத்துக்கோ, அந்தக் கட்டடத்தை நம்பித்தான் என் மகள் ரேவதியின் வேலை இருந்தது.

தேர்வாய் கண்டிகை தொழிற்பேட்டைக்குப் போகும் வழியில், கம்பெனி பஸ்கள் நின்று ஆள் ஏற்றும் இடத்துக்கு அருகே, வேலைக்குப் போகும் பெண்களின் குழந்தைகளைப் பகலில் பார்த்துக்கொள்ள அரசாங்கம் ஒரு காப்பகம் கட்டியது. சுவரெல்லாம் மஞ்சளும் பச்சையும் அடித்து, யானை, முயல் வரைந்து, குழந்தைக்கு எட்டுகிற உயரத்தில் கைகழுவும் தொட்டி வைத்து, அருமையான கட்டடம். அதைக் கட்டியவன் முனிரத்தினம். வேலை முடிந்து பெருக்கித் துடைத்துப் பூட்டியாயிற்று. அமைச்சர் வந்து திறக்க வேண்டியது மட்டும்தான் பாக்கி.

ரேவதி தேர்வாய் கண்டிகையில் ஒரு கம்பெனியில் வேலை பார்த்தாள். காண்ட்ராக்டில் சேர்ந்து, வருஷக்கணக்காக நின்றபடியே வேலை செய்து, கால் வீங்கி, நிரந்தரம் ஆனவள். வீட்டிலேயே நிரந்தர வேலை அவள் ஒருத்திக்குத்தான். மாப்பிள்ளை காட்டுப்பள்ளியில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர். அவர் காண்ட்ராக்ட். ஷிப்டு இன்றைக்கு ஒன்று, நாளைக்கு ஒன்று. சம்பந்தியம்மா பழவேற்காட்டில் விடியுமுன் இறால் கூடையோடு மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிடுவார். என் மனைவி போய்ச் சேர்ந்து பல வருஷம் ஆகிறது. ஆக, பேத்தி யாழினியைப் பார்த்துக்கொள்ள மிஞ்சியவன் நான்.

பிரசவ விடுப்பு முடிந்து ரேவதி வேலைக்குப் போனதும் பார்த்துக்கொள்ளத்தான் செய்தேன். கடையில் தூளி கட்டினேன். மணல் அடிக்கும்போது பக்கத்து ஜெராக்ஸ் கடையில் விட்டேன். என்ன செய்து என்ன, கடை முழுக்கக் கல்தூசி. குழந்தைக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. பிள்ளையைக் கல் பட்டறையிலா வளர்க்கிறீர்கள் என்று அரசு ஆஸ்பத்திரி டாக்டரம்மா என்னைத் திட்டிய திட்டை இங்கே எழுத முடியாது. திட்டியதில் தப்பே இல்லை.

ரேவதி சம்பளம் இல்லாத விடுப்பு எடுத்தாள். அதுவும் முடியப் போகிறது. போகவில்லை என்றால் நிரந்தர வேலை போய்விடும். மறுபடி வேண்டுமென்றால் காண்ட்ராக்ட் ஆளாக முதலிலிருந்து நிற்க வேண்டும். காப்பகத் திறப்பு விழாவுக்குத் தேதி குறித்த அன்று ரேவதி கேசரி கிண்டினாள். அந்த விழாவுக்கான கல்லைத்தான் நான் பாதியில் நிறுத்தினேன்.

பட்டியல் வரும்வரை

அமைச்சரவை எப்படி உருவாகிறது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்கவில்லை. கல் அடித்து அடித்துத் தெரிந்துகொண்டேன்.

தேர்தல் முடிந்ததும் சட்டமன்றத்தில் எந்தக் கட்சிக்குப் பெரும்பான்மையோ அந்தக் கட்சி எம்.எல்.ஏ.க்கள் கூடி ஒருவரைத் தலைவராகத் தேர்ந்தெடுப்பார்கள். ஆளுநர் அவரை ஆட்சி அமைக்க அழைப்பார். அவர் முதலமைச்சர். மற்ற அமைச்சர்களின் பட்டியலை அவர்தான் கொடுப்பார். நியமிப்பவர் ஆளுநர், ஆனால் பெயர்கள் முதலமைச்சருடையவை. முன்பெல்லாம் எத்தனை பேரை வேண்டுமானாலும் போடலாம். இப்போது சட்டமன்றத்தின் மொத்த எண்ணிக்கையில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்குமேல் கூடாது. நம் தமிழ்நாட்டுக்கு முதல்வரையும் சேர்த்து முப்பத்தைந்து. எம்.எல்.ஏ. இல்லாதவரைக்கூட அமைச்சராக்கலாம், ஆறு மாதத்துக்குள் அவர் ஜெயித்து வரவேண்டும்.

பதவியேற்பில் இரண்டு உறுதிமொழி எடுப்பார்கள். ஒன்று பதவிக்கு, இன்னொன்று ரகசியம் காப்பதற்கு. இந்த இரண்டாவதை அவர்கள் எவ்வளவு ஒழுங்காகக் காப்பாற்றுகிறார்கள் என்பதற்கு நானே சாட்சி. எந்தத் துறை யார் கைக்குப் போகப்போகிறது என்று ஒரு வார்த்தை முன்கூட்டி என் காதுக்கு வந்ததே இல்லை.

தெரியாமல் அவசரப்பட்டவர்களும் உண்டு. ஆரணியாற்றுப் பக்கம் ஒரு ஊரில், தங்கள் எம்.எல்.ஏ.வுக்கு இந்தத் தடவை மந்திரி பதவி நிச்சயம் என்று நம்பி, பட்டியல் வருமுன்பே தண்ணீர்த் தொட்டிக்குக் கல் அடிக்கச் சொன்னார்கள். ‘மாண்புமிகு அமைச்சர்’ போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றார்கள். துறைக்கு மட்டும் இடம் விட்டு அடித்துக் கொடுத்தேன். பட்டியல் வந்தது. அவர் பெயர் இல்லை. மனிதர் விழாவுக்கு வந்து திரையை விலக்கிப் பார்த்தார். சிரித்துக்கொண்டே, இருக்கட்டும், என்றைக்காவது ஆவேன், அதுவரைக்கும் தண்ணீரைத் திறந்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த மாதிரி ஒருவர் எங்கள் காப்பகத்துக்கு வாய்க்கவில்லையே என்று பிறகு பலதடவை நினைத்திருக்கிறேன்.

சரி, பதவியேற்றாயிற்று. அப்புறம் வேலை எப்படி நடக்கிறது? யாருக்கு எந்த இலாகா என்று முதலமைச்சர் பிரித்துக் கொடுப்பார். அந்தந்தத் துறைக்கு அந்தந்த அமைச்சர், அவருக்குக் கீழே செயலாளர், அவருக்குக் கீழே ஒரு பெரிய ஏணி. பெரிய விஷயங்களைக் கோட்டையில் எல்லோரும் கூடி முடிவெடுப்பார்கள். ஆணை வரும்போது ஆளுநர் பெயரால் வரும். கூட்டத்துக்குள்ளே என்ன சண்டை போட்டாலும் வெளியே வந்தால் ஒரே குரல்தான். ஒருவர் முடிவு எல்லோர் முடிவு. சட்டமன்றத்துக்கு அத்தனை பேரும் சேர்ந்தே பதில் சொல்ல வேண்டும். கூட்டுப் பொறுப்பு என்பார்கள்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. அப்படியென்றால் எந்த அமைச்சர் வந்து காப்பகத்தைத் திறந்தால் என்ன? எல்லோரும் ஒன்றுதானே? இதை முனிரத்தினத்திடம் கேட்டேன். இதெல்லாம் கோட்டையில் பேசுகிற பேச்சு, கீழே செல்லாது என்றான்.

கல்லைத் திருப்பிப் போட்டேன்

அந்தத் துறைக்குப் புது அமைச்சர் வந்தார். கல்லைத் திருப்பிப் போட்டு, பின்பக்கம் பாலிஷ் ஏற்றி, அவர் பெயரை அடித்தேன். பொன்நிறப் பெயிண்ட் பூசி, காப்பகத்தின் முன்சுவரில் பதித்து, திரைத்துணியும் மாட்டிவிட்டு வந்தேன். ரேவதி கம்பெனியில் கெஞ்சிக் கூத்தாடி விடுப்பை நீட்டிக்கொண்டாள்.

தேதி வைத்தார்கள். சட்டமன்றம் கூடியது. மானியக் கோரிக்கை நடக்கும்போது அமைச்சர் சென்னையை விட்டு நகர முடியாது என்றார்கள். நியாயம்தான், சட்டமன்றத்துக்குப் பதில் சொல்வதுதானே அவர் வேலை. அடுத்த தேதி வைத்தார்கள். அமைச்சருக்குக் காய்ச்சல். மனிதர்தானே, வரத்தான் செய்யும். அதற்கடுத்த தேதிக்குப் பந்தல்கால்கூட நட்டாயிற்று. ஏதோ அமைச்சரவைக் கூட்டம் என்று தள்ளிப்போனது. பந்தல்காரர் வந்து காலைப் பிடுங்கிக்கொண்டு போனார்.

இந்த நாட்களில் ரேவதி தினமும் கம்பெனி பஸ் போகும் நேரத்தில் வாசலில் நின்று பார்ப்பாள். ஏறமாட்டாள். இடுப்பில் யாழினி இருப்பாள்.

ஒருநாள் அவளே உதவிப் பொறியாளரைப் பார்க்கக் கிளம்பினாள். கட்டடம் அவர் பொறுப்பில் இருந்தது. ஏ.இ. சார் என்போம். நானும் கூடப் போனேன். அவர் கெட்டவர் இல்லை. நாற்காலி போட்டு உட்காரச் சொன்னார், குழந்தைக்கு பிஸ்கட் கொடுத்தார். சாவியைக் கொடுத்தால் போதும், நாலைந்து பெண்கள் சேர்ந்து நாங்களே பார்த்துக்கொள்கிறோம், விழாவை என்றைக்கு வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளுங்கள் என்று ரேவதி கேட்டாள். அமைச்சர் திறந்தால்தான் ஆயிற்று என்று எந்த விதியில் இருக்கிறது என்றும் கேட்டாள். விதியெல்லாம் எதுவும் இல்லை என்று அவரே ஒப்புக்கொண்டார்.

அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு சொன்னார். “மந்திரி பேர் போட்டு கல்லு வச்சாச்சும்மா. அவரு தொறக்காம நான் தொறந்தா என் வேலை பூடும்.”

“தொறக்காம வச்சிக்கினு இருந்தா என் வேலை பூடும் சார்” என்றாள் ரேவதி.

அவர் பேனாவைத் திறந்து திறந்து மூடினார். நாங்கள் எழுந்து வந்துவிட்டோம். எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. கோபம்தான் ஜெயித்தது.

கூடுதல் பொறுப்பு

அந்த இரண்டாவது அமைச்சரும் போய்விட்டார். ஏன் போனார் என்பது வேறு கதை, அது பத்திரிகைகளில் வேண்டிய அளவு வந்தது. அவர் துறையை ஏற்கெனவே வேறு ஒரு துறையைப் பார்த்துக்கொண்டிருந்த இன்னொரு அமைச்சரிடம் கூடுதல் பொறுப்பாகக் கொடுத்தார்கள்.

சுவரில் பதித்த கல்லை நெம்பி எடுக்கப் போனேன். பெயர்த்தபோது ஒரு முயலின் காது உதிர்ந்தது. இந்தப் பக்கம் ஒரு பழைய அமைச்சர், அந்தப் பக்கம் பாதி அமைச்சர். மூன்றாமவருக்குக் கல்லில் பக்கம் இல்லை. புதுக் கல் வாங்கினேன்.

அதிலும் ஒரு வில்லங்கம். அவருடைய சொந்தத் துறையின் பெயரே ஒன்றரை வரி. அதோடு இந்தத் துறையையும் போடுவதா, போட்டால் ‘கூடுதல் பொறுப்பு’ என்று போடுவதா கூடாதா என்று ஏ.இ. சார் மேலே கேட்டார். மேலே இருந்தவர் அதற்கும் மேலே கேட்டார். பதில் வரும்வரைக்கும் கல் டயர் மேலேயே கிடந்தது. அதற்குள் ரேவதியின் கம்பெனி ஹெச்.ஆர். மேடம் போன் செய்துவிட்டார். அவரும் பிள்ளை பெற்றவர்தான், தன்னால் முடிந்தவரை தள்ளிப்போட்டார். இனி முடியாது, வருகிற திங்கட்கிழமை காலை ஷிப்டுக்கு வரவில்லை என்றால் அந்த இடத்துக்கு வேறு ஆள் போட்டுவிடுவார்கள் என்றார்.

“நைனா, திங்கக்கெழமைக்குள்ள தொறப்பாங்களா?” என்று ரேவதி என்னைக் கேட்டாள். முதலமைச்சரை நான்தான் நியமிக்கிறேன் என்பதைப் போல.

நல்லவேளை, பதில் வந்தது. எல்லாத் துறையும் போடலாம், ‘கூடுதல் பொறுப்பு’ வேண்டாம். எழுத்தைச் சின்னதாக்கி, வரியை நெருக்கி, நாஷ்டா பண்ணக்கூடப் போகாமல் உட்கார்ந்து அடித்து முடித்தேன். விழா வெள்ளிக்கிழமை. திங்கட்கிழமைக்குள் திறந்துவிடும். வீட்டில் எல்லோருக்கும் மூச்சு வந்தது.

வெள்ளிக்கிழமை கைதட்டல்

அமைச்சர் சொன்ன நேரத்துக்கு வந்தார். அதுவே எனக்கு ஆச்சரியம். ஒல்லியான மனிதர், அதிர்ந்து பேசாதவர். திரையை விலக்கினார், ரிப்பனை வெட்டினார், உள்ளே போய் ஒவ்வோர் அறையாகப் பார்த்தார். கைகழுவும் தொட்டி குழந்தைகளுக்கு எட்டுமா என்று குனிந்து பார்த்தார். இவரைக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

படம் எடுக்கக் குழந்தை வேண்டும் என்றார்கள். முன்வரிசையில் இருந்தது யாழினி. அமைச்சர் தூக்கிக்கொண்டார். அவள் அவருடைய துண்டைப் பிடித்து வாயில் வைத்துக்கொண்டாள். எல்லோரும் சிரித்தார்கள். குழந்தையை எங்கே விடுவது என்று தெரியாமல் எந்தத் தாயும் இனி வேலையை விடக்கூடாது என்று பேசினார். கைதட்டினோம். ஏ.இ. சார் எல்லோரையும்விடப் பலமாகத் தட்டினார். ரேவதி கண்ணைத் துடைத்துக்கொண்டே தட்டினாள்.

அமைச்சரின் கார் போனதும் சாமியானாவை அவிழ்த்தார்கள். கல்லைச் சுற்றிப் பூசிய சிமெண்ட் ஓரிடத்தில் விரிசல் விட்டிருந்தது. திங்கட்கிழமை காலையிலேயே வந்து அதைப் பூசிவிடச் சொன்னார் ஏ.இ. சார். திருவள்ளூரில் அவருக்கு மீட்டிங், அதற்குமுன் கல்லைப் படம் எடுத்துக்கொண்டு போகவேண்டுமாம். சரி என்றேன்.

திங்கட்கிழமை காலை

ரேவதியும் நானும் என் டிவிஎஸ்ஸில் போனோம். அவள் யூனிபார்ம் போட்டு, அடையாள அட்டை மாட்டிக்கொண்டிருந்தாள். மடியில் யாழினி. கையில் பால் பாட்டில், மாற்றுத் துணி, பிள்ளைக்குப் பிடித்த கிலுகிலுப்பை, எல்லாம் ஒரே பையில். வண்டியின் பின்பெட்டியில் என் சிமெண்ட், கரண்டி, உளி, சுத்தியல்.

காப்பகத்தில் பூட்டு தொங்கியது.

வாசலில் எங்களுக்கு முன்பே நாலைந்து பெண்கள் குழந்தையோடு நின்றார்கள். வாட்ச்மேன் கைகளைப் பிசைந்துகொண்டு நின்றார். கட்டடம் கட்டியது ஒரு துறையாம். ஆயாவைப் போடுவதும் பால் கொடுப்பதும் வேறு துறையாம். அந்தத் துறைக்கு வேறு அமைச்சராம். ஆயா நியமனத்துக்கு அங்கிருந்து இன்னும் ஆணை வரவில்லையாம். அதனால் வெள்ளிக்கிழமை விழா முடிந்ததும் ஏ.இ. சார் பூட்டி, சாவியைக் கையோடு எடுத்துப் போய்விட்டாராம்.

முப்பத்தைந்து பேரும் ஒரே குரல், ஒருவர் முடிவு எல்லோர் முடிவு! அதில் ஒருவர் திறக்கிறார், இன்னொருவரின் ஆணை வரவில்லை என்று மூன்றாம் நாள் பூட்டிக் கிடக்கிறது. இதைப் போய் யாரிடம் சொல்லி அழுவது?

ரேவதி பையைப் படிமேல் வைத்தாள். சாலையின் திருப்பத்தில் கம்பெனி பஸ் தெரிந்தது. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்ற ஆரம்பித்தாள்.

அதைப் பார்த்ததும் எனக்கு என்ன ஆனதென்று தெரியவில்லை. பெட்டியைத் திறந்து உளியை எடுத்தேன். பூட்டின் கொண்டியில் வைத்து ஓங்கி இரண்டு போடு போட்டேன். கொண்டி பிய்த்துக்கொண்டு வந்தது. வாட்ச்மேன் அய்யய்யோ என்றார், ஆனால் தடுக்கவில்லை. அவர் மருமகளும் அந்தக் கூட்டத்தில்தான் நின்றாள்.

பெண்கள் உள்ளே போனார்கள். அவர்களுக்குள் பேச்சு நடந்தது, நீளமாகக்கூட இல்லை. குமாரி என்ற பெண்ணுக்கு மதிய ஷிப்டு, மதியம்வரை அவள் பார்த்துக்கொள்வாள். பிள்ளைக்கு இடம் பதிய வந்திருந்த வாட்ச்மேனின் மருமகளுக்கு அன்று வார விடுமுறை, அதற்குப் பிறகு அவள். பாலை யார் காய்ச்சுவது, வாசலை யார் பார்ப்பது என்பதுவரை முடிவாகிவிட்டது. ஆளுநர் இல்லை, உறுதிமொழி இல்லை, இலாகா ஒதுக்கீடு முடிந்தது. ரேவதி யாழினியைக் குமாரியின் கையில் கொடுத்தாள். பிள்ளை ஓவென்று அழுதது. அவள் அட்டையை மறுபடி மாட்டிக்கொண்டு பஸ்ஸைப் பார்த்து ஓடினாள்.

அந்த நேரத்தில் ஏ.இ. சாரின் பைக் வந்து நின்றது. பிய்ந்து தொங்கும் கொண்டியைப் பார்த்தார், உள்ளே பிள்ளைகளைப் பார்த்தார், என் கையில் உளியைப் பார்த்தார். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றவில்லை.

“யாரக் கேட்டு ஒடைச்சீங்க? எல்லாரும் வெளிய வாங்க. நான் பூட்டணும்.”

பஸ் படியில் ஒரு காலை வைத்த ரேவதி அப்படியே நின்றாள். டிரைவர் ஹாரன் அடித்தார். அவள் காலை எடுக்கவும் இல்லை, ஏறவும் இல்லை. இவர் பூட்டினால் அவள் இறங்கித்தான் ஆகவேண்டும்.

நான் அவர் முன்னால் போய் நின்றேன்.

“வெள்ளிக்கெழம இத மந்திரி தொறந்தாரு சார். நீங்கதான் பக்கத்துல நின்னு கை தட்டினீங்க. மந்திரி தொறந்தத பூட்டச் சொல்லி உங்களுக்கு யாரு ஆர்டர் போட்டது?”

அவர் போனை எடுத்தார். கட்டிய துறைக்குப் பேசுவதா, நடத்தும் துறைக்குப் பேசுவதா என்று தெரியாமல் போனையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஹெல்மெட்டைக் கழற்றி பைக் கண்ணாடியில் மாட்டிவிட்டு, படியில் உட்கார்ந்தார்.

நான் ரேவதியைப் பார்த்து, ஏறு என்று கையைக் காட்டினேன். ஏறினாள். பஸ் கிளம்பியது. ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தும் அவள் இந்தப் பக்கம் திரும்பவே இல்லை. யாழினியின் அழுகை சாலைவரைக்கும் கேட்டது. திரும்பியிருந்தால் இறங்கியிருப்பாள்.